மைப்படியிலிருந்து முப்பரிமாணப் படிக்கு: ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைக் கல்வெட்டாய்வில் டிஜிட்டல் தொழில்நுட்பம்

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில் உள்ள ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் இன்று தொழிற்பேட்டைகளால் அறியப்படுகிறது. அதே நிலம் நடுகற்களும் கோயில் கல்வெட்டுகளும் செறிந்த பகுதியுமாகும். இக்கற்களை ஆராயும் கல்லூரி, பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடந்த ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்தில் பல வகைப் படிகளைக் கையாண்டுள்ளனர். மைப்படி, அச்சு நூல், கணினியில் தட்டச்சிட்ட பாடம், ஸ்கேன் செய்த பக்கம், முப்பரிமாண வருடல் என அவை மாறி வந்துள்ளன. ஒவ்வொரு மாற்றமும் படிகளை எளிதில் கிடைக்கச் செய்தது. கல்லில் உண்மையில் இருப்பது எது, வாசித்தவர் ஊகித்தது எது என்ற பழைய கேள்வியோ ஒவ்வொரு முறையும் புது வடிவில் திரும்பி வந்தது. அந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

எல்லை நிலமும் அதன் கற்களும்

ஓசூர் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளது. இப்பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய மொழிகள் இன்றும் அன்றாட வழக்கில் உள்ளன. கங்கர், பாணர், நுளம்பர், சோழர், போசளர் எனப் பல மரபினரின் ஆட்சி இங்கு மாறி மாறி நடந்தது. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போசள மன்னன் இராமநாதன் இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டப் பகுதியிலுள்ள குந்தாணியைத் தலைநகராகக் கொண்டிருந்தான். ஆகவே இவ்வட்டாரத்தில் தமிழ்க் கல்வெட்டுக்கு அருகிலேயே கன்னடக் கல்வெட்டு கிடைப்பதும், தமிழ்ப் பொறிப்பின் நடுவே கிரந்த எழுத்துகள் வருவதும் இயல்பு.

நடுகல் என்பது போரில் இறந்த வீரனுக்கு எடுக்கப்பட்ட நினைவுக்கல். இப்பகுதியின் பழைய நடுகற்கள் பல, மாட்டு மந்தையைக் கவர வந்தவர்களோடு பொருது மாண்டவர்களைப் பற்றியவை. அரசன் பெயர், ஆட்சியாண்டு, நாட்டுப் பிரிவு, வீரனின் பெயர், அவன் இறந்த காரணம் ஆகியவை சில வரிகளில் அடங்கிவிடும். பழைய தமிழ் நடுகற்களில் பெரும்பாலானவை வட்டெழுத்தில் அமைந்தவை.

இக்கற்கள் பலவும் அருங்காட்சியகத்தில் இல்லை. வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் ஊர்ப் பொதுவிடத்திலும் நிற்கின்றன. சிலவற்றுக்கு ஊரார் எண்ணெய் பூசி, மஞ்சள் வைத்து வழிபடுகின்றனர். 1970கள் தொடங்கி சிப்காட் தொழிற்பேட்டைகள் வளர்ந்தன. சாலைகள் அகன்றன, வீட்டுமனைகள் பெருகின. கிரானைட் குவாரிகளும் இம்மாவட்டத்தின் முக்கியத் தொழிலாயின. இத்தகைய நிலத்தில் ஒரு கல் இடம் மாறுவதற்கோ உடைவதற்கோ ஒரு நாள் வேலை போதும். அதன் பிறகு ஆய்வாளரிடம் எஞ்சுவது படி மட்டுமே. படியின் தரம் இங்கே முதன்மை பெறுவதற்குக் காரணம் இதுதான்.

மைப்படிக் காலம்

1886இல் சென்னை மாகாண அரசு ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்ஷைக் கல்வெட்டாய்வாளராக நியமித்தது. அவர் பதிப்பித்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையின் முதல் தொகுதி 1890இல் வெளிவந்தது. எல்லைக்கு அப்பால் மைசூர் அரசில் பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் தொகுத்த ‘எபிகிராபியா கர்நாட்டிகா’வின் முதல் தொகுதியும் 1886இல் வெளியாயிற்று. அவ்வரிசையில் பெங்களூர், கோலார் மாவட்டங்களுக்குரிய தொகுதிகளில் தமிழ்க் கல்வெட்டுகளும் கணிசமாக உள்ளன. ஓசூர்ப் பகுதியை ஆராய்பவர் தொடக்கத்திலிருந்தே இவ்விரு வரிசைகளையும் பார்க்க வேண்டியிருந்தது.

அக்காலத்தின் முதன்மைக் கருவி மைப்படி. கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத் தாளை அதன்மேல் பரப்பி, தூரிகையால் தட்டித் தட்டித் தாளை எழுத்துப் பள்ளங்களுக்குள் இறக்குவர். தாள் சற்று உலர்ந்ததும் துணிப்பொதியில் மையைத் தொட்டு மேற்பரப்பில் ஒற்றுவர். மேட்டுப்பகுதி கறுப்பாகும், எழுத்து வெள்ளையாக நிற்கும். தாளை உரித்தெடுத்தால் கல்லின் அளவிலேயே ஒரு படி கிடைக்கும். இதில் ஒரு குறை உண்டு. கல்லிலுள்ள வெடிப்பும் பொரிவும்கூட வெள்ளைக் கோடுகளாகவே பதியும். உளி வெட்டிய கோடு எது, காலம் வெட்டிய கோடு எது என்பதைப் பழகிய கண்தான் பிரிக்க வேண்டும்.

நடுவண் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு உதகமண்டலத்தில் இயங்கி வந்தது. 1966இல் மைசூருக்கு மாற்றப்பட்டது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளும் அத்துடன் அங்கே சென்றன. தமிழ்நாட்டு ஆய்வு மாணவர் ஒருவர் மூல மைப்படியைப் பார்க்க விரும்பினால் மைசூருக்குப் பயணம் செய்ய வேண்டிய நிலை ஏற்பட்டது. செல்ல முடியாதவர்கள் அச்சு நூலில் உள்ள பாடத்தையே நம்பினர்.

1961இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை தொடங்கப்பட்ட பின் மாநில அளவில் களப்பணி வேகம் பெற்றது. இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ 1972இல் வெளிவந்தது. செங்கம், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரைப் பகுதியை அடுத்துள்ள வட்டாரம். தருமபுரிப் பகுதிக் கல்வெட்டுகளையும் துறை நூலாக வெளியிட்டது. இந்நூல்களால் நடுகல் ஆய்வு கல்லூரிப் பாடமாகவும் முனைவர் பட்டத் தலைப்பாகவும் வளர்ந்தது.

கணினியின் முதல் வருகை

கல்வெட்டாய்வில் கணினி நுழைந்தது இணையத்துக்கு முன்பே. நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகிய மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களுக்குக் கணினியின் துணையோடு ஓர் அடைவு தொகுத்தனர். மூன்று தொகுதிகளாக அது 1978இல் வெளிவந்தது. தனித்தனிக் கல்வெட்டுகளை மேற்கோள் காட்டிப் பேசும் வழக்கத்திலிருந்து, ஆயிரக்கணக்கான பெயர்களை ஒருசேர எண்ணிப் பார்த்து நிலவுடைமை, அதிகாரம் பற்றிய முடிவுகளுக்கு வரும் முறைக்கு இத்தகைய உழைப்பு வழி திறந்தது.

கணினி எண்ணத் தொடங்குமுன் எதை எண்ணுவது என்று ஆய்வாளர்கள் முடிவு செய்ய வேண்டும். ஒரு நீண்ட பெயர்த்தொடரில் ஊர்ப்பெயர் எங்கே முடிகிறது, இயற்பெயர் எது, பட்டப்பெயர் எது, இரு கல்வெட்டுகளில் வரும் ஒரே பெயர் ஒரே ஆளைக் குறிக்கிறதா என்பன கணினிக்குத் தெரியாது. இவற்றுக்கு விதி வகுத்த பிறகே எண்ணிக்கை பொருளுள்ளதாகும். இன்று ஒரு மாணவர் நடுகற்களை அட்டவணையில் பதிவு செய்து தரவுத்தளம் அமைக்க முற்படும்போதும் முதல் வேலை இதுவே.

எழுத்துருச் சிக்கல்

1990களில் தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்குக் கணினித் தட்டச்சு வந்தது. வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆய்வேடுகள் தட்டச்சிடப்பட்டன. ஒவ்வொரு எழுத்துருவும் தமிழ் எழுத்துகளைத் தனக்கே உரிய குறியீட்டு எண்களில் வைத்திருந்தது. அதே எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரிந்தன. தாளில் அச்சிட்டவை பிழைத்தன. கோப்பாக வைத்திருந்தவை பல பயனற்றுப் போயின.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு இதற்குத் தீர்வு தேடியது. டாம், டாப் என்னும் குறிமுறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் அதன் தொடர்ச்சியாக அரசின் ஏற்பைப் பெற்றன. உலகளாவிய ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் இருந்தபோதிலும், தமிழ்நாடு அரசு அதை முறையாக ஏற்று ஆணையிட்டது 2010 ஜூனில்தான். இதற்கிடையே 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் நூல்களை மின்வடிவில் வெளியிட்டு, தட்டச்சிட்ட பாடம் உலகெங்கும் ஒரேபோலத் தெரிவதன் பயனைக் காட்டியது.

கல்வெட்டாய்வாளருக்கு இன்றைய தமிழ் எழுத்துகள் மட்டும் போதாது. கிரந்த எழுத்து 2014இல்தான் ஒருங்குறியில் சேர்ந்தது. கல்வெட்டுகளில் நில அளவுக்கும் நெல் அளவுக்கும் வரும் பின்னக் குறிகளும் சுருக்கக் குறிகளும் 2019இல் ‘தமிழ்த் துணைத்தொகுதி’யாக இடம்பெற்றன. எல்லைப் பகுதி நடுகற்களின் வட்டெழுத்துக்கு 2024இல் வந்த 16ஆம் பதிப்பு வரை தனி இடம் தரப்படவில்லை. ஆகவே வட்டெழுத்துப் பொறிப்பைத் தட்டச்சிடுபவர் இன்றைய தமிழ் எழுத்தில்தான் தர வேண்டும்.

இங்கே ஓர் இழப்பு நேர்கிறது. ஆண்டுக் குறிப்பு இல்லாத நடுகல்லின் காலத்தை அறிஞர்கள் எழுத்தமைதி கொண்டு, அதாவது எழுத்துகளின் வடிவ வளர்ச்சியைக் கொண்டு கணிக்கின்றனர். இன்றைய எழுத்தில் மாற்றித் தந்த பாடத்தில் அந்த வடிவம் இல்லை. பாடத்துடன் படமும் சேர்ந்து இருந்தால்தான் காலக்கணிப்பை இன்னொருவர் சரிபார்க்க முடியும்.

தேடலின் பயனும் பொறியும்

2017இல் தமிழ் இணையக் கல்விக்கழகம் தமிழ் மின்நூலகத்தைத் தொடங்கியது. அரிய நூல்களும் பருவ இதழ்களும் கல்வெட்டுத் தொகுதிகளும் வீட்டிலிருந்தே படிக்கக் கிடைத்தன. ஓசூரிலோ தேன்கனிக்கோட்டையிலோ இருந்து ஆய்வு செய்யும் மாணவருக்கு, சென்னை நூலகங்களுக்குச் சென்று பக்கங்களைக் கையால் எழுதிவரும் தேவை பெருமளவு குறைந்தது.

ஸ்கேன் செய்த பக்கம் அடிப்படையில் ஒரு படமே. எழுத்துணரி மென்பொருள் அப்படத்தை எழுத்தாக மாற்றிய பின்தான் தேட இயலும். துணைக்காலும் ரகரமும், ஒகரமும் ஓகாரமும் மயங்கும் இடங்களில் பிழை வர வாய்ப்புண்டு. இந்த மயக்கம் எழுத்துணரிக்கு மட்டும் உரியதன்று. கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவில் வேறுபடுவதில்லை. கல்லில் உள்ளதை ‘தொறு’ என்றோ ‘தோறு’ என்றோ படிக்க முடியும். மாட்டு மந்தை என்று பொருள்படும் ‘தொறு’ என்னும் சொல்லை அறிந்த பதிப்பாசிரியரே சரியான பாடத்தைத் தருகிறார். அறியாதவர் தட்டச்சிட்ட பாடம் தேடலில் அகப்படாமலே போகும்.

எல்லை வட்டாரத்தில் இச்சொல்லுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பழங்கன்னட வீரக்கற்களில் இதே பொருளில் ‘துறு’ என்னும் சொல் வருகிறது. ஒரே வகையான மாடுபிடிச் சண்டையைத் தமிழ்க் கல் ‘தொறு’ என்கிறது; சில கல் தொலைவில் உள்ள கன்னடக் கல் ‘துறு’ என்கிறது. தமிழ் எழுத்தில் மட்டும் தேடுபவருக்குக் கன்னடக் கல் தெரியவே தெரியாது. தேடலில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதைச் சான்று இல்லை என்று கொள்வது இவ்வட்டாரத்தில் பெரும் பிழையாகும்.

ஊர்ப்பெயரும் மாவட்டப் பெயரும் அடுத்த சிக்கல். ஓசூர்ப் பகுதி நெடுங்காலம் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965 அக்டோபர் 2இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தது. 2004 பிப்ரவரி 9இல் கிருஷ்ணகிரி மாவட்டம் உருவாயிற்று. ஆகவே அருகருகே நிற்கும் மூன்று கற்கள், பதிவான காலத்தைப் பொறுத்து, மூன்று மாவட்டங்களின் பெயரில் பட்டியல்களில் இருக்கக்கூடும். ஓசூர், ஒசூர், ஹோசூர் என எழுத்து வேறுபாடும் உண்டு. ‘கிருஷ்ணகிரி மாவட்டம்’ என்று மட்டும் தட்டித் தேடும் மாணவர் பழைய பதிவுகளில் பெரும்பகுதியைத் தவறவிடுவார். வட்டாரத்தின் நிர்வாக வரலாறு தெரிந்தவருக்கே தேடுபொறி முழுப் பயன் தரும்.

முப்பரிமாண வருடல்

கடந்த பத்தாண்டுகளில் எல்லைக்கு அப்பால் குறிப்பிடத்தக்க முயற்சி ஒன்று நடந்தது. பெங்களூரு நகர விரிவாக்கத்தில் கல்வெட்டுகள் மறைவதைக் கண்ட ஆர்வலர்கள், ரைஸ் பதிவு செய்த கற்களைத் தேடிச் சென்று அவற்றின் இன்றைய நிலையைக் குறிக்கத் தொடங்கினர். 2018இல் ஹெப்பாளில் தோண்டும் பணியின்போது ஒரு வீரக்கல் வெளிப்பட்டது. கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 750இல், கிட்டய்யா என்னும் வீரன் இறந்ததை அது குறிக்கிறது. 1909இல் நிறுவப்பட்ட பெங்களூரு மிதிக் சொசைட்டி 2021இல் கல்வெட்டுகளின் முப்பரிமாணப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பெங்களூரு வட்டாரத்தின் தமிழ்க் கல்வெட்டுகளும் அதன் பணிக்குள் வருகின்றன.

இதில் பயன்படும் வருடி, ஒளிக்கோடுகளைக் கல்லின்மேல் பாய்ச்சி அவை வளையும் விதத்தைக் கொண்டு மேற்பரப்பின் மேடுபள்ளங்களை மில்லிமீட்டரின் சிறு பகுதி வரை அளக்கிறது. வாகன உதிரிப்பாகத் தொழிலில் ஒரு பாகம் வரைபட அளவுக்குப் பொருந்துகிறதா என்று சோதிக்கவும் இதே வகைக் கருவிதான் பயன்படுகிறது. ஓசூர் போன்ற தொழில் நகரத்தின் பொறியியல் மாணவருக்கு இது புதிய செய்தியன்று. தொழிற்கூடத்துக் கருவியும் நடுகல்லும் சந்திக்கக்கூடிய இடம் இது.

முப்பரிமாணப் படியின் பயன் தெளிவானது. கணினித் திரையில் கல்லின் நிறத்தையும் கறையையும் நீக்கிவிட்டு, ஆழத்தை மட்டும் காட்டச் செய்யலாம். ஒளியை எந்தத் திசையிலிருந்தும் விழச் செய்யலாம். தேய்ந்த எழுத்தின் அடித்தளம் அப்போது புலப்படும். கல்லின்மேல் தாளோ மையோ படுவதில்லை. 2001இல் எச்.பி. ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட வேறொரு முறை இன்னும் எளியது. கேமராவை அசையாமல் வைத்து, விளக்கை மட்டும் பல திசைகளுக்கு மாற்றிப் பல படங்கள் எடுத்து, அவற்றைக் கணினியில் இணைக்க வேண்டும். மாலை வெயில் சாய்வாக விழும்போது கல்லெழுத்து நன்றாகத் தெரியும் என்பதைக் களப்பணியாளர்கள் நெடுங்காலமாக அறிவர். இம்முறை அந்தச் சாய்வொளியைக் கணினிக்குள் கொண்டுவந்தது.

எனினும் வருடி எழுத்தைப் படிப்பதில்லை, பள்ளத்தை அளக்கிறது. மைப்படியில் வெடிப்பு வெள்ளைக் கோடாகப் பதிந்ததுபோல், முப்பரிமாணப் படியிலும் வெடிப்பு ஒரு பள்ளமாகவே பதியும். பள்ளத்தின் குறுக்குவெட்டைப் பார்த்து உளியின் தடமா என்று முடிவு செய்ய முன்பைவிட நல்ல சான்று கிடைக்கிறது. முடிவு ஆய்வாளருடையதே.

யார் கையில் படி

மைசூரில் இருந்த தமிழ் மைப்படிகள் பற்றிய வழக்கில், அவற்றை ஆறு மாதத்துக்குள் சென்னைக்கு மாற்ற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் உத்தரவிட்டது. 2023–24 நடுவண் வரவுசெலவுத் திட்டத்தில், முதற்கட்டமாக ஒரு லட்சம் கல்வெட்டுகளை மின்னுருவாக்கி ‘பாரத் ஸ்ரீ’ என்னும் பொதுக் களஞ்சியத்தை அமைப்பதாக அறிவிக்கப்பட்டது. மைப்படி எங்கே இருக்கிறது என்பது உணர்ச்சி சார்ந்த வினா மட்டுமன்று. அச்சில் வந்த ஒரு வாசிப்பை ஐயுறும் மாணவர், அதைச் சரிபார்க்க மூலத்தை எட்ட முடியுமா என்பதே இதிலுள்ள கல்விச் சிக்கல். படம் இணையத்தில் அனைவருக்கும் திறந்திருந்தால் பேராசிரியரின் வாசிப்பையும் முதலாண்டு ஆய்வு மாணவர் மறுத்துக் காட்டலாம். படம் பூட்டிய அறையிலோ கடவுச்சொல்லுக்குப் பின்னாலோ இருந்தால், மின்னுருவாக்கத்துக்குப் பிறகும் பழைய நிலையே தொடரும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கலை, அறிவியல் கல்லூரிகள் 1997இல் சேலத்தில் நிறுவப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகின்றன. 2009ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழு விதிமுறைகள் முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் அளிக்கச் செய்தன. அவை காந்திநகரின் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ‘சோத்கங்கா’ களஞ்சியத்தில் சேர்கின்றன. முன்பு நூலக அலமாரியில் ஒரு சிலரே பார்த்த ஆய்வேட்டை இன்று எவரும் படிக்கலாம். அதிலுள்ள கல்வெட்டுப் பாடமும் அங்கிருந்து படியெடுக்கப்பட்டுப் பல தளங்களுக்குப் பரவும்.

பரவும்போதுதான் பெரிய இழப்பு நேர்கிறது. சிதைந்த எழுத்தையும் ஐயத்துக்குரிய வாசிப்பையும் சதுர அடைப்புக்குறிக்குள் தருவது பதிப்பாசிரியர்களின் வழக்கம். 1931இல் ஐரோப்பிய அறிஞர்கள் வகுத்த லைடன் மரபு இக்குறிகளை ஒழுங்குபடுத்தியது. இன்று ‘எபிடாக்’ என்னும் குறிமுறை, எது கல்லில் தெளிவாக உள்ளது, எது சிதைந்தது, எது பதிப்பாசிரியர் சேர்த்தது என்பதைக் கணினிக்கும் விளங்கும்படி தனித்தனியே பதிகிறது. 2019இல் ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதியுதவியோடு தொடங்கிய ‘தர்மா’ திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளுக்கும் இம்முறையைக் கையாண்டது. ஆனால் வெறும் பாடத்தை மட்டும் வெட்டி ஒட்டுபவர் அடைப்புக்குறிகளை இடையூறாகக் கருதி நீக்கிவிடுகிறார். ஒருவரின் ஊகம் அப்போது கல்லின் கூற்றாக மாறுகிறது. அதைப் பத்துத் தளங்கள் எடுத்தாண்டால், பத்துச் சான்றுகள் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் இருப்பது ஒருவரின் ஊகமே.

ஆய்வாளர் செய்யத்தக்கவை

இந்த வரலாறு எல்லை வட்டாரத்தை ஆராயும் மாணவருக்குச் சில நடைமுறைகளைக் காட்டுகிறது. கல்லின் இருப்பிடத்தைப் புவியிட ஆயத்தொலைகளோடும், பழைய மாவட்ட, வட்டப் பெயர்களோடும் சேர்த்துப் பதிய வேண்டும். பாடத்தை ஒருங்குறியில் தந்து, அடைப்புக்குறிகளை நீக்காமல் காக்க வேண்டும். பாடத்துடன் படத்தையும், படம் எடுத்த நாளையும் இணைக்க வேண்டும். வாசிப்பு நேரடியாகக் கல்லிலிருந்து வந்ததா, மைப்படியிலிருந்தா, அச்சு நூலிலிருந்தா என்பதைக் குறிப்பிட வேண்டும். தமிழ்ப் பதிவுகளோடு கன்னட, தெலுங்குப் பதிவுகளையும் பார்க்க வேண்டும்.

இவற்றுள் எதற்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கைப்பேசியும் பொறுமையும் ஊராரின் நம்பிக்கையும் இருந்தால் பெரும்பகுதி முடியும். ஊரார் வணங்கும் கல்லை அவர்கள் இசைவோடு படமெடுப்பதும், கல்லில் எழுதியிருப்பதை அவர்களுக்குப் படித்துச் சொல்வதும் பாதுகாப்பின் முதற்படி. தம் ஊர்க் கல்லில் யார் பெயர் உள்ளது என்று அறிந்தவர்கள் அதைச் சாலைப் பணிக்கோ குவாரிக்கோ எளிதில் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். கல் தன் இடத்தில் நிற்கும்வரை, தவறான வாசிப்பு எத்தனை தளங்களில் பரவியிருந்தாலும் அதைத் திருத்திக்கொள்ள வழி உண்டு.